இறங்கிய கொடி, இறங்காத வழக்கு

2015 ஜூன் 24. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத் தலைநகர் கொலம்பியா. குதிரை பூட்டிய வண்டியில் ஒரு சவப்பெட்டி சட்டமன்றக் கட்டடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள் இருந்தவர் கிளெமென்டா பிங்க்னி. அந்த மாநில செனட்டின் உறுப்பினர். சார்ல்ஸ்டன் நகரின் புகழ்பெற்ற இம்மானுவேல் தேவாலயத்தின் போதகர். ஒரு வாரத்துக்கு முன், புதன்கிழமை இரவு, அந்தத் தேவாலயத்தில் விவிலிய வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஒரு வெள்ளை இளைஞன் உள்ளே வந்தான். வரவேற்று உட்கார வைத்தார்கள். வகுப்பு முடியும் நேரத்தில் பிங்க்னி உட்பட ஒன்பது கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றான். அவன் ஒரு கொடியைப் பிடித்தபடி எடுத்துக்கொண்ட படங்கள் பின்னர் வெளிவந்தன. சிவப்புத் துணி, அதன் மேல் மூலைக்கு மூலை குறுக்காக ஓடும் இரண்டு நீலப் பட்டைகள், பட்டைகளில் 13 வெள்ளை நட்சத்திரங்கள்.

அதே கொடி சட்டமன்றத்தின் முன்வாசலிலும் பறந்துகொண்டிருந்தது. கட்டடத்தின் உச்சியில் தேசியக் கொடியும் மாநிலக் கொடியும் துக்கத்துக்காக அரைக் கம்பத்துக்கு இறங்கியிருந்தன. வாசலில் இருந்த 30 அடிக் கம்பத்தில் மட்டும் அது முழு உயரத்தில் நின்றது. அதை நகர்த்த இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டிருந்தார்கள். ஆளுநர் நினைத்தாலும் தொட முடியாது. கடைசியில், உள்ளே வைக்கப்பட்ட சவப்பெட்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால் கொடி தெரியாதபடி ஜன்னலில் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டார்கள். ஓர் அரசாங்கம் தன் வாசலில் தானே ஏற்றிய கொடியை, இறந்துபோன தன் உறுப்பினரின் முகத்துக்கு முன் மறைக்க வேண்டி வந்தது.

கான்ஃபெடரேட் கொடி என்று உலகம் அழைக்கும் இந்தத் துணியைப் பற்றி அமெரிக்கர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'எங்கள் முன்னோரின் நினைவு' என்கிறார்கள் ஒரு சாரார். 'எங்கள் முன்னோரைச் சங்கிலியில் வைத்திருக்கப் போரிட்டவர்களின் அடையாளம்' என்கிறார்கள் இன்னொரு சாரார். இரண்டுக்கும் நடுவே, 'எதற்கும் அடங்காதவன்' என்று காட்டிக்கொள்ளவே லாரியில் ஒட்டிக்கொள்பவர்களும் உண்டு. மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அதனால் வேறொரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது நல்லது: இந்தக் கொடியை யார், எந்த ஆண்டில், எதற்காக ஏற்றினார்கள்?

புகைக்குள் பிறந்த கொடி

1860-61 குளிர்காலத்தில், அடிமை முறைக்குக் கட்டுப்பாடு வந்துவிடும் என்று அஞ்சிய தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாக அமெரிக்காவிலிருந்து பிரிந்தன. முதலில் பிரிந்தது தென் கரோலினா. அப்போது அந்த மாநில மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அடிமைகள். தெற்கு முழுவதும் அடிமைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 40 லட்சம். பிரிந்த மாநிலங்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பு (கான்ஃபெடரேட்) நாட்டை அறிவித்து, அதற்கு ஒரு தேசியக் கொடியும் வைத்துக்கொண்டன. இன்று நாம் பார்க்கும் கொடி அதுவல்ல. சிவப்பு, வெள்ளை, சிவப்பு என மூன்று அகலப் பட்டைகளும், மூலையில் நீலக் கட்டத்துக்குள் வட்டமாக நட்சத்திரங்களும் கொண்ட கொடி அது. அமெரிக்கக் கொடியின் உடன்பிறப்பு போல இருந்தது.

அந்த ஒற்றுமையே வினையாகிவிட்டது. 1861 ஜூலை 21, வர்ஜீனியாவில் மனாசஸ் போர்க்களம். ஒரே புகை, காற்றே இல்லை. தூரத்தில் வரும் படை நம்முடையதா, எதிரியுடையதா என்று தென் தளபதி பொரகார்டுக்குப் புரியவில்லை. கொடி கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. காற்று வீசித் துணி விரிந்த பிறகுதான் வருவது ஜூபல் எர்லி தலைமையிலான தன் படைப்பிரிவு என்று தெரிந்தது. இந்த எர்லியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழப்பமே வராத ஒரு போர்க்கொடி வேண்டும் என்று பொரகார்டு கேட்டார். தென் கரோலினாவைச் சேர்ந்த வில்லியம் போர்ச்சர் மைல்ஸ் ஏற்கெனவே ஒரு வடிவம் வைத்திருந்தார். தேசியக் கொடிக்காக அவர் அதை முன்வைத்தபோது, கால்சட்டையைத் தூக்கிப் பிடிக்கும் தோள்வார் மாதிரி இருக்கிறது என்று கேலி செய்து ஒதுக்கியிருந்தார்கள். முதலில் அவர் வரைந்தது நிமிர்ந்த சிலுவை. யூதர் ஒருவர், ஒரு மதத்தின் சின்னம் எல்லோருக்குமான கொடியில் வேண்டாமே என்று எழுதிய பிறகு அதைச் சாய்த்துப் போட்டார். மதத்துக்கு அவ்வளவு கவனம் காட்டிய அதே நாட்டில் அடிமைகளாக இருந்த லட்சக்கணக்கானோருக்குக் கொடியைப் பற்றிப் பேசும் வாயே இல்லை.

இன்று 'போர் அடிமை முறைக்காக நடக்கவில்லை, மாநில உரிமைக்காக நடந்தது' என்று சொல்பவர்கள் நிறைய. போரைத் தொடங்கியவர்கள் அப்படிச் சொல்லவில்லை. பிரிவினைக்குக் காரணம் கூறி மிஸிஸிப்பி வெளியிட்ட அறிக்கை, எடுத்த எடுப்பிலேயே தன் நிலை முழுக்க அடிமை முறையோடு பின்னிப் பிணைந்தது என்று அறிவித்தது. கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் 1861 மார்ச்சில் சவானா நகரில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே தங்கள் அரசின் மூலைக்கல் என்றார். 1863-இல் போர்க்கொடியை வெள்ளைத் துணியின் மூலையில் பதித்துப் புதிய தேசியக் கொடி செய்தபோது, அதற்காக வாதாடிய சவானா பத்திரிகை ஆசிரியர் அதை வெள்ளை மனிதனின் கொடி என்றே வரவேற்று எழுதினார். ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

இந்தப் போரோடு நமக்கும் ஓர் இழைத் தொடர்பு உண்டு. அடிமைகள் பறித்த பருத்திதான் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளை ஓட்டியது. வடக்கின் கடற்படை தென் துறைமுகங்களை அடைத்ததும் அங்கே பஞ்சுக்குத் தட்டுப்பாடு. ஆங்கிலேய வியாபாரிகளின் பார்வை இந்தியா பக்கம் திரும்பியது. பம்பாய் கொழித்தது. நெல்லைச் சீமையின் கரிசல் பருத்தியும் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. 1865-இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது.

கல்லறைப் பக்கம் நின்று பார்த்தால்

கொடியை ஆதரிப்பவர்கள் எல்லோரையும் வெறியர்கள் என்று ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. நான் அப்படிச் செய்ய மாட்டேன். தென் படையில் இறந்தவர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். படை வயதில் இருந்த தென் வெள்ளை ஆண்களில் ஐந்தில் ஒருவர் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. இழவு விழாத வீடு அரிது. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஏழை விவசாயிகள். கூட்டமைப்பு மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான வெள்ளைக் குடும்பங்களுக்கு அடிமைகளே கிடையாது. 1862-இல் கட்டாயப் படைச்சேர்ப்பு வந்த பிறகு, 20 அல்லது அதற்கு மேல் அடிமைகள் இருக்கும் பண்ணைக்கு ஒரு வெள்ளையருக்கு விலக்கு உண்டு என்று சட்டம் செய்தார்கள். போர் பணக்காரனுடையது, சாவு ஏழையுடையது என்று அந்தக் காலத்துச் சிப்பாய்களே பொருமியிருக்கிறார்கள்.

அந்தச் சிப்பாயின் கொள்ளுப்பேரன் கிராமத்துக் கல்லறையில் இந்தக் கொடியை நட்டு வைத்து, 'என் தாத்தா அடிமை வைத்திருக்கவில்லை, ஊரைக் காக்கப் போனார்' என்று சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். 'பாரம்பரியம், வெறுப்பல்ல' என்பது அவர்களின் முழக்கம். வட கரோலினாவைச் சேர்ந்த எச்.கே. எட்ஜர்டன் போன்ற ஒன்றிரண்டு கறுப்பினத்தவர்கூட இந்தக் கொடியோடு நடந்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் தாத்தாக்களின் தலைவரே வேறு மாதிரி நடந்துகொண்டார். தென் படையின் பெருந்தளபதி ராபர்ட் ஈ. லீ, போர் முடிந்த பிறகு பழைய புண்ணைக் கிளற வேண்டாம் என்றார். கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் நினைவுச் சின்னம் அமைக்க 1869-இல் உதவி கேட்டபோது மறுத்தார். 1870-இல் அவர் இறந்தபோது இறுதி ஊர்வலத்தில் கூட்டமைப்பின் கொடி இல்லை.

தோல்வியைத் தியாகக் கதையாக மாற்றும் வேலையை வேறு சிலர் எடுத்துக்கொண்டார்கள். அதில் முன்னணியில் நின்றவர் அந்த ஜூபல் எர்லி. அடிமை முறை பின்னுக்குப் போனது; வீரமும் மானமும் முன்னுக்கு வந்தன. முன்னாள் படைவீரர் சங்கம், பிறகு மகளிர் அமைப்பு, 1896-இல் வாரிசுகளின் அமைப்பு என்று அடுத்தடுத்துத் தோன்றின. பள்ளிப் பாடநூல்கள் வரை அவர்கள் கை நீண்டது. அப்போதும்கூடக் கொடி பெரும்பாலும் நினைவு நாட்களுக்கும் கல்லறைகளுக்கும் உரியதாகவே இருந்தது.

மறுபடி ஏறிய ஆண்டுகள்

என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கின் முக்கிய சாட்சி நாட்காட்டிதான்.

1948. ராணுவத்தில் நிறப் பிரிவினையை ஒழிக்கவும் கறுப்பினத்தவருக்கு உரிமைகள் தரவும் அதிபர் ட்ரூமன் முனைந்தார். ஆத்திரமடைந்த தென் ஜனநாயகக் கட்சியினர் தனிக் கட்சி தொடங்கி, தென் கரோலினா ஆளுநர் ஸ்ட்ராம் தர்மண்டை அதிபர் வேட்பாளராக நிறுத்தினார்கள். அலபாமாவில் பர்மிங்ஹாம் நகரில் கூடிய மாநாட்டில் இந்தப் போர்க்கொடி அசைந்தது. தர்மண்ட் நான்கு மாநிலங்களில் வென்றார்.

1954-இல், பள்ளிகளில் கறுப்பு, வெள்ளைக் குழந்தைகளைப் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1956-இல் ஜார்ஜியா தன் மாநிலக் கொடியை மாற்றி, அதில் மூன்றில் இரண்டு பங்கு இடத்தில் போர்க்கொடியைப் பதித்தது. தீர்ப்பை எப்படி முறியடிப்பது என்று திட்டம் தீட்டிக்கொண்டிருந்த அதே சட்டமன்றக் கூட்டத்தொடரில் நிறைவேறிய மசோதா அது. 1961-இல் போரின் நூற்றாண்டைச் சொல்லித் தென் கரோலினா சட்டமன்றத்தில் கொடி ஏறியது. நூற்றாண்டு விழா முடிந்தது. கொடி 2000 வரை குவிமாடத்தின் மேலேயே இருந்தது; பிறகுதான் வாசல் கம்பத்துக்கு வந்தது. 1963 ஏப்ரலில், பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பது பற்றிப் பேச அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி அலபாமாவுக்கு வந்த நாளில், ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் தன் சட்டமன்றக் குவிமாடத்தில் அதை ஏற்ற வைத்தார்.

போர் முடிந்து 90 ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் குவிமாடங்களுக்குக் கொள்ளுத்தாத்தாவின் நினைவு தேவைப்படவில்லை. கறுப்பினக் குழந்தை வெள்ளைக் குழந்தையின் பக்கத்துப் பெஞ்சில் உட்காரப் போகிறது என்றதும் தேவைப்பட்டது. பள்ளி வாசல்களில் அந்தக் குழந்தைகளைச் சூழ்ந்து கூச்சலிட்ட கும்பல்களின் கையிலும், வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் ஊர்வலங்களிலும் இருந்தது இதே துணிதான். அதைப் பார்த்து இன்று ஒரு கறுப்பின மூதாட்டி நடுங்கினால், அவர் 1863-ஐ நினைத்து நடுங்கவில்லை. 1963-ஐ நினைத்து நடுங்குகிறார். அவர் கண்ணால் கண்டது அது.

இதற்கு ஜார்ஜியாவே ஒரு நிரூபணம். அதன் பிந்தைய கதை வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. 2001-இல் ஆளுநர் ராய் பார்ன்ஸ் போர்க்கொடியை அகற்றிப் புதிய மாநிலக் கொடியைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு தேர்தலில் தோற்றார். கொடி விவகாரமும் அதற்கு ஒரு காரணம் என்றே எல்லோரும் பேசினார்கள். 2003-இல் இன்னொரு கொடி வந்தது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு என மூன்று பட்டைகள், மூலையில் நீலக் கட்டம், அதில் வட்டமாக 13 நட்சத்திரங்கள், நடுவில் மாநில முத்திரை. முத்திரையை எடுத்துவிட்டால் அது கூட்டமைப்பின் முதல் தேசியக் கொடியேதான். மனாசஸில் புகைக்குள் அடையாளம் தெரியாமல் போன அதே கொடி. 2004-இல் மக்கள் வாக்கெடுப்பிலும் அது வென்றது. இன்றும் அட்லாண்டாவில் பறக்கிறது.

அடிமை முறையைக் காக்கப் பிறந்த அரசின் உண்மையான தேசியக் கொடி ஒரு மாநிலத் தலைநகரில் பறக்கிறது. அதை எதிர்த்துப் பெரிய போராட்டம் இல்லை. போர்க்களத்துக்காகத் தைத்த கொடிக்கோ இவ்வளவு ரத்தம், இவ்வளவு கண்ணீர். பிறப்பை வைத்துப் பார்த்தால் முன்னது அல்லவா மோசம்? ஆனால் முன்னதை யாரும் தேவாலயத்துக்கு வெளியே நின்று ஆட்டவில்லை, பள்ளிக் குழந்தையின் முகத்துக்கு நேரே வீசவில்லை. ஜார்ஜியா செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மூன்று பட்டைகளின் வரலாறு தெரிந்தவருக்கு அதுவும் உறுத்தும். ஆனால் மக்கள் கொடியை எப்படிப் படிக்கிறார்கள் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. வடிவத்தையோ பிறந்த தேதியையோ அவர்கள் பார்ப்பதில்லை. கடைசியாக அதை யார் பிடித்து வந்தார்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

பாரம்பரிய வாதத்துக்கு இன்னொரு இடறலும் உண்டு. கூட்டமைப்புக்கு எதிராகப் படை அனுப்பிய ஒஹையோ, பென்சில்வேனியா கிராமங்களில் இன்று இந்தக் கொடியைப் பார்க்கலாம். மேற்கு வர்ஜீனியாவிலும் பார்க்கலாம். கூட்டமைப்போடு இருக்க மாட்டோம் என்று 1863-இல் வர்ஜீனியாவிலிருந்து பிரிந்ததால் உண்டான மாநிலம் அது. அங்கே வீட்டு வாசலில் இதை நடுபவர் எந்தத் தாத்தாவை நினைக்கிறார்? 1979 முதல் 1985 வரை ஓடிய 'ட்யூக்ஸ் ஆஃப் ஹஸார்ட்' தொலைக்காட்சித் தொடரில் பறந்து பாய்ந்த ஆரஞ்சு காரின் கூரையில் இருந்தது இந்தக் கொடி. காரின் பெயரே ஜெனரல் லீ. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குக் கொடி என்றால் வேகம், துடுக்கு, தெற்கத்திப் பாட்டு, அவ்வளவுதான். அவர்கள் மனதில் விஷம் இல்லாமல் இருக்கலாம். எதிரே வருபவருக்கு அது எப்படித் தெரியும்?

எண்ணிக்கை மாறிய கதை

சார்ல்ஸ்டன் படுகொலைக்குப் பிறகு, அந்தக் கோடையில் சி.என்.என். நடத்திய கருத்துக்கணிப்பில்கூட அமெரிக்கர்களில் 57 சதவீதம் பேர் கொடியைத் தெற்கின் பெருமிதமாகவே பார்த்தார்கள். இனவெறியின் சின்னம் என்றவர்கள் 33 சதவீதம். கறுப்பினத்தவரைத் தனியாகக் கேட்டால் 72 சதவீதம் பேர் இனவெறி என்றார்கள். 2020 ஜூலையில் குவினிப்பியாக் பல்கலைக்கழகம் கேட்டபோது தராசு சாய்ந்திருந்தது: 56 சதவீதம் பேர் இனவெறியின் சின்னம் என்றார்கள்.

இடையில் பல கதவுகள் அடைபட்டிருந்தன. படுகொலைக்கு மறுநாளே, தற்செயலாக, உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. 1896-இல் தோன்றிய அந்த வாரிசுகளின் அமைப்பு தன் கொடியோடு சிறப்பு நம்பர் பிளேட் வேண்டும் என்று டெக்சாஸிடம் கேட்டிருந்தது. நம்பர் பிளேட் அரசின் பேச்சு, அதனால் மறுக்கும் உரிமை அரசுக்கு உண்டு என்றது நீதிமன்றம், 5-க்கு 4 என்ற கணக்கில். அந்த ஐந்தாவது வாக்கு ஜார்ஜியாவில் பிறந்த கறுப்பின நீதிபதி கிளாரன்ஸ் தாமஸுடையது. வழக்கமாக அவர் பழமைவாதிகளின் பக்கம் நிற்பவர்.

கொலம்பியாவில் ஜூன் 27 அன்று ப்ரீ நியூசம் என்ற கறுப்பினப் பெண் தலைக்கவசமும் ஏறும் கயிறும் மாட்டிக்கொண்டு அந்த 30 அடிக் கம்பத்தில் ஏறிக் கொடியைக் கழற்றினார். கீழே காவலுக்கு நின்றவர் ஜேம்ஸ் டைசன் என்ற வெள்ளைக்காரத் தோழர். இருவரும் கைது செய்யப்பட்டார்கள். சிறிது நேரத்தில் கம்பத்தில் மறுபடி அந்தக் கொடியே ஏற்றப்பட்டது. ஆனால் அடுத்த இரண்டு வாரங்களுக்குள் சட்டமன்றமே அதை இறக்கியது. செனட்டில் கொடியை இறக்கப் பேசியவர்களில் ஒருவர் பால் தர்மண்ட். 1948-இல் அந்தக் கொடிகளுக்கு நடுவே வேட்பாளராக நின்ற ஸ்ட்ராம் தர்மண்டின் மகன். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட பாரம்பரியத்தில் தனக்குப் பெருமை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ரத்த உறவின் பெயரால் கொடியைக் காப்பவர்கள் இந்த மகனின் பேச்சை ஒருமுறை கேட்க வேண்டும். ஜூலை 9-இல் சட்டத்தில் கையெழுத்திட்டவர் பஞ்சாபிலிருந்து குடியேறிய சீக்கியப் பெற்றோரின் மகளான ஆளுநர் நிக்கி ஹேலி. மறுநாள் கொடி இறங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து அவரே, பலருக்கும் அது சேவை, தியாகம், பாரம்பரியத்தைக் குறித்தது, கொலைகாரன் அதைக் கடத்திக்கொண்டு போய்விட்டான் என்று பேசிச் சர்ச்சையில் சிக்கினார். கொலைகாரன் அதைக் கடத்தவில்லை. 1948-லிருந்து பலர் கைமாற்றித் தந்ததைத்தான் வாங்கிக்கொண்டான்.

2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் ஒருவர் இந்தக் கொடியைத் தோளில் சாய்த்தபடி நடந்தார். 1864-இல் தென் படை வாஷிங்டனின் விளிம்புவரை வந்து திரும்பிப் போயிருந்தது. வந்த தளபதி, மீண்டும், ஜூபல் எர்லி. அவரால் முடியாதது 157 ஆண்டுகள் கழித்து நடந்தது. அன்று அதைச் சுமந்தவர் மனதில் முன்னோர் இருந்தார்களா என்பது எனக்கு முக்கியமல்ல. தங்கள் வேட்பாளர் அதிபர் தேர்தலில் தோற்றதை ஏற்க மறுத்த கூட்டத்தில் அதைச் சுமந்தார். 1860-இல் லிங்கன் அதிபர் தேர்தலில் வென்றதை ஏற்காதவர்கள் தொடங்கியதுதான் அந்தப் போர்.

ஒரு மாநிலம் மனம் மாறுமா என்று கேட்பவர்களுக்கு மிஸிஸிப்பியைக் காட்டலாம். 1894 முதல் அதன் மாநிலக் கொடியிலேயே இந்தச் சின்னம் இருந்தது. கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்த அரசியல் சட்டம் வந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த கொடி அது. 2001-இல் மக்களிடம் கேட்டபோது ஏறத்தாழ 64 சதவீதம் பேர் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். 2020-இல், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் கொன்ற பிறகு, கல்லூரி விளையாட்டு அமைப்புகள் இந்த மாநிலத்தில் போட்டி நடத்த மாட்டோம் என்றன. அமெரிக்கக் கால்பந்து வீரர் கைலின் ஹில், கொடி மாறாவிட்டால் மாநிலத்துக்காக ஆட மாட்டேன் என்றார். பாப்டிஸ்ட் திருச்சபையும் மாற்றச் சொன்னது. ஜூன் 28-இல் சட்டமன்றம் பழைய கொடியை நீக்கியது. நவம்பரில் மக்னோலியா மலர் பதித்த புதிய கொடிக்கு 70 சதவீதத்துக்கும் மேலானோர் வாக்களித்தார்கள். கறுப்பினத்தவர் அங்கே சுமார் 38 சதவீதம்தான். வெள்ளையர் பெருமளவில் சேராமல் அந்த எண்ணிக்கை வந்திருக்காது. பழைய கொடி அருங்காட்சியகத்துக்குப் போனது.

கல்லறையிலும் அருங்காட்சியகத்திலும் இந்தக் கொடி இருப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. தனியார் நிலத்தில் நெடுஞ்சாலை ஓரம் ஆளுயரத்துக்குப் பல மடங்கு பெரிதாக ஏற்றுபவர்களை அமெரிக்கச் சட்டம் தடுக்காது, தடுக்கவும் வேண்டாம். அரசின் கம்பம் வேறு. அந்தக் கம்பத்துக்கு வரி கட்டுபவர்களில் அடிமைகளின் வழிவந்தவர்களும் இருக்கிறார்கள்.

மிஸிஸிப்பியில் வேலை இன்னும் முடியவில்லை. ஜனவரி மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை நாடு முழுவதும் மார்ட்டின் லூதர் கிங் நாள். மிஸிஸிப்பியிலும் அலபாமாவிலும் அதே நாள், அதே அரசு விடுமுறையில், ராபர்ட் ஈ. லீயின் பிறந்த நாளும். இரண்டையும் பிரிக்க மசோதாக்கள் வருகின்றன, கிடப்பில் போகின்றன. ஆர்கன்சாஸ் 2017-இல் பிரித்துவிட்டது.